பழைய கணினியும் பால்மரத்துப் பிள்ளைகளும்

(தொலைக்காட்சி அரங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைமையைப் பாதுகாப்பது பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்து, ஆளுக்கொரு பொருளைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கோயில், ஒருவருக்கு ஓலைச்சுவடி, ஒருவருக்குத் தோட்டத்துப் பாட்டு. எனக்குக் கணினி என்று அறிவித்தபோது உங்களில் சிலர் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் தவறில்லை. ஐந்தாறு வருடம் ஓடிய கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறோம். அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதா என்று தோன்றுவது இயல்புதான்.

நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. ஈப்போவில் கணினி பழுது பார்க்கிறவன். ஆகவே பட்டறை மேசையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியர் புந்தோங்கிலிருந்து ஒரு பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் வந்த வகை. இரண்டு நெகிழ்வட்டு வாய்கள், மஞ்சளித்துப்போன பெட்டி, உள்ளே பல்லி முட்டை ஓடுகள். பிள்ளைகள் படித்த காலத்தில் இரண்டாம் கையாக வாங்கியதாம். "இதுல பையன் எழுதின கதையெல்லாம் இருக்கு, எடுக்க முடியுமா?" என்று அந்த அண்ணன் கேட்டார். மூடியைக் கழற்றினேன். போர்டில் கறுப்புப் பூச்சிகளைப் போல ஐ.சி.க்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. துணியால் துடைத்ததும் அவற்றின் முதுகில் எழுத்து தெரிந்தது. கம்பெனி சின்னம், எண், அதற்குக் கீழே ஊர்ப் பெயர். சிலவற்றில் 'மலேசியா', சிலவற்றில் சுருக்கமாக 'மலாய்'.

இது எனக்குப் பழகிய காட்சி. அந்தக் காலத்து எந்தக் கணினியைத் திறந்தாலும் இந்தப் பெயர் கண்ணில் படும். ஆனால் கூட வந்த அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது எங்க கம்பெனி இல்ல தம்பி. ஆனா இந்த மாதிரிதான் நாங்க கட்டினோம். உள்ள தங்கக் கம்பி இருக்கும், தெரியுமா?" என்றார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்கள். அவர் பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பதினொரு வருடம்.

முப்பது ஆண்டுகளாக நான் ஐ.சி. மாற்றுகிறேன். அதன் உள்ளே கம்பி கட்டியவர் என் எதிரில் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த ஒரு மாலையிலிருந்து வந்தது.

முதலில் உலகத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் மவுண்டன் வியூ நகரில் கணினி வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஐ.பி.எம். 1401 என்ற இயந்திரம் இரண்டு ஓடுகின்றன. 1959ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, பத்தாயிரத்துக்கும் மேல் விற்பனையான மாதிரி அது. ஓட்டை போட்ட அட்டைகளைப் படிக்கும், நிமிடத்துக்கு அறுநூறு வரி அச்சடிக்கும். அடிப்படை மாதிரியின் நினைவகம் ஆயிரத்து நானூறு எழுத்துதான். இன்று நாம் கைப்பேசியில் அனுப்பும் ஒரு படத்துக்குக்கூட அது போதாது. அத்தனை சிறிய நினைவகத்தை வைத்துக்கொண்டுதான் வங்கிகளும் காப்புறுதிக் கம்பெனிகளும் கணக்குப் பார்த்தன.

அந்த இரண்டில் ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது, மற்றொன்று அமெரிக்காவிலேயே கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்தது. ஜெர்மன் இயந்திரத்தை இறக்கிய உடனேயே ஒரு சிக்கல். ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. மோட்டார் எல்லாம் வேகம் மாறிவிடும். அதற்கென்றே அலைவெண் மாற்றும் கருவி ஒன்று வைக்க வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் 50 ஹெர்ட்ஸ்தான். அந்த இயந்திரத்தை ஈப்போவுக்குக் கொண்டு வந்திருந்தால் அந்தச் செலவு மிச்சம் என்று நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அதைப் பழுது பார்த்தவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற பொறியாளர்கள். இளமையில் அதே மாதிரி இயந்திரங்களோடு வேலை செய்தவர்கள், சம்பளம் வாங்காமல் வாரந்தோறும் கூடி, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சுற்று அட்டைகளில் எது செத்தது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். 2003, 2004 வாக்கில் தொடங்கிய வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இங்கிலாந்தில் இதைவிடப் பழைய கதை உண்டு. ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் 1951இல் ஓடத் தொடங்கிய ஒரு கணினி, பிறகு ஒரு கல்லூரிக்குப் பரிசாகப் போய், 1973 வரை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, பின்பு கிடங்கில் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, 2012 நவம்பரில் மறுபடி ஓட்டினார்கள். ஒரு பெருக்கல் கணக்குப் போட அதற்குப் பத்து வினாடி வரை ஆகும். நம் தோட்டத்து கிராணி விரலை மடக்கியே அதற்குள் போட்டுவிடுவார். ஆனால் அது தூங்காது, தப்பும் செய்யாது. அதனால்தான் அதை வைத்துக்கொண்டார்கள்.

காப்பாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்கப் பயன்பட்ட கொலோசஸ் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றைப் போர் முடிந்ததும் பிரித்துப் போட்டு, வரைபடங்களையும் எரித்துவிட்டார்கள். 1993இல் டோனி சேல் என்ற பொறியாளர் அதைத் திரும்பக் கட்டத் தொடங்கியபோது கையில் இருந்தவை சில புகைப்படங்களும், யாரோ ஒளித்து வைத்திருந்த துண்டுத் தாள்களும், வேலை செய்தவர்களின் ஞாபகமும்தான். கட்டி முடித்தார். ஞாபகம் உள்ளவர்கள் அன்றைக்கு உயிரோடு இருந்தார்கள் என்பதால் முடிந்தது.

இனி நம் பட்டறைக்குத் திரும்புவோம்.

பழைய கணினி கையில் கிடைத்தால் நாம் எல்லாரும் முதலில் என்ன செய்வோம்? பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போடுவோம். அதுதான் முதல் தவறு. நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் இல்லை, நன்றாகத் தெரிந்த பிறகு, ஓர் அவசரத்தில். பத்து வருடம் பெட்டிக்குள் கிடந்த இயந்திரம் இரண்டு நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, மூன்று நாள் போகாத நாற்றம். மின் வழங்கியின் வாசலில் காகிதத்தால் செய்த ஒரு வகைக் கப்பாசிட்டர் இருக்கும். மேலே பளிங்கு போன்ற உறை. வருடங்கள் போகப் போக அந்த உறையில் மயிரிழை வெடிப்பு விழும். வெடிப்பு வழியே காற்றின் ஈரம் உள்ளே இறங்கும். 240 வோல்ட் பாய்ந்ததும் வெடிக்கும். 110 வோல்ட் நாடுகளில் அது கொஞ்சம் தாங்கும். நம் நாட்டில் மின்னழுத்தமும் கூட, ஈரமும் கூட. மழை விட்ட மாலையில் ஈப்போவில் அரிசி டின்னைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த எதிரி மின்கலம். கடிகாரத்தை ஓட வைக்க போர்டிலேயே ஒரு சிறிய நிக்கல் காட்மியம் மின்கலத்தைப் பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்தால் வரும் காரம், செம்புத் தடங்களைக் கறையான் மண் அரிப்பதுபோல அரித்துக்கொண்டே போகும். பச்சையாகப் பூத்திருக்கும். வினிகர் தொட்டுத் துடைத்துக் காரத்தை முறிக்கலாம், அறுந்த தடத்துக்குப் பதிலாக மெல்லிய கம்பி இழுக்கலாம். ஆனால் அதை முதலிலேயே வெட்டி எடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை. வீட்டில் பழைய கணினி வைத்திருக்கும் நேயர்கள் இன்று இரவே மூடியைக் கழற்றி அந்த மின்கலத்தைப் பாருங்கள்.

மூன்றாவதாக வருவது ரப்பர், நம் கதை தொடங்கிய இடமே அதுதான். அட்டை படிக்கும் இயந்திரத்தில் அட்டையைப் பிடித்து இழுக்கும் உருளை, அச்சு இயந்திரத்தில் காகிதத்தைத் தள்ளும் உருளை, பழைய வட்டு இயக்கியின் பெல்ட், கேசட் ரிக்கார்டரின் பெல்ட் எல்லாமே ரப்பர் வகைதான். பழைய இயந்திரங்களில் மின்பாகங்களுக்கு முன்பே செத்துப்போவது பெரும்பாலும் இவைதான். சில கல்லாக இறுகி வெடித்துப்போகும். சில உருகி, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கின்றன. இழுபட்ட நிலையில் இருக்கும் பெல்ட் சீக்கிரம் அறும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும், இவற்றில் பாதிக்கு மேல் எண்ணெயிலிருந்து செய்த செயற்கை ரப்பர். மரத்துப் பால் என்று எல்லாவற்றையும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் தோட்டத்து ஆபீசில் கிராணி தட்டிய தட்டச்சுப் பொறியின் உருளையைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் இனத்தை நம்பித்தான் நம் பாட்டன் பூட்டன்கள் கப்பலேறினார்கள். விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, கங்காணியிடம் திட்டு வாங்கி, கோட்டு வெட்டி இறக்கிய பால் ஸ்டோருக்குப் போய், ஷீட்டாகி, கப்பலேறி, உருளையாகி, திரும்பத் தோட்டத்து ஆபீசுக்கே வந்து, அவர்களுடைய செக்ரோலில் அவர்கள் பெயரையே தட்டியது.

பற்றவைக்கும் ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஈயம் என்று தமிழில் இரண்டையும் சொல்கிறோம், காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. பழைய போர்டுகளில் இருக்கும் பற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெள்ளீயம், அதாவது கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்களில் தோண்டிய உலோகம். உலகச் சந்தையில் பேராக்கு ஈயம் எவ்வளவு போனது என்று உங்களுக்கே தெரியும். 1985 அக்டோபரில் விலை சரிந்து லம்பங்கள் மூடியதும் தெரியும். அதற்கு இன்று நினைவுச் சின்னம் இருக்கிறது. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய, நாலாயிரத்து ஐந்நூறு டன் எடையுள்ள ஈயக்கப்பல் ஒன்று 1982 வரை ஓடியது. அதைப் பழுது பார்த்துப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். கம்பாரில் ஈயச் சுரங்க அருங்காட்சியகம் உண்டு. ஈப்போ நகரிலேயே சீன முதலாளிகளின் பழைய சங்கக் கட்டடத்தில் இன்னொன்று. தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் நாட்டிலேயே பழையது. ஆகவே பழைய இயந்திரத்தைக் காப்பது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. நாலாயிரம் டன் கப்பலைக் காக்க முடிந்த ஊரில் பத்துக் கிலோ பெட்டியைக் காப்பது முடியாத காரியமா?

ஆனால் அந்த அக்காவின் பேச்சுக்கு வருகிறேன், அதுதான் எனக்கு முக்கியம்.

1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. பல்லாயிரம் பேர் தோட்டத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்கே திரும்பினார்கள். அதற்கு முன்பே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் வேலை நடந்தது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் சில தோட்டங்களை வாங்கியது. மற்றவை போயின. எஞ்சிய இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை.

அதே நேரத்தில் இன்னொரு வாசல் திறந்தது. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இண்டெல் அமைத்த முதல் தொழிற்சாலை அங்கேதான். அதே 1972இல் ஈப்போவில் கார்செம் தொடங்கியது. பின்னாளில் யூனிசெம்மும் ஈப்போவில் வந்தது. பாரிட் புந்தார், பாகான் செராய் பக்கத்திலிருந்து பினாங்குக்கும், சுற்று வட்டாரத்திலிருந்து ஈப்போவுக்கும் ஃபேக்டரி பஸ்கள் ஓடின. மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் என்று மூன்று இனத்தவரும் அந்த பஸ்களில் ஏறினார்கள்.

அங்கே என்ன வேலை? சிலிக்கன் வில்லை வெளிநாட்டிலிருந்து வரும். அதைச் சின்னச் சின்னச் சதுரமாக அறுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சட்டத்தில் ஒட்ட வேண்டும். பிறகு சில்லின் ஓரத்திலுள்ள புள்ளிகளிலிருந்து சட்டத்தின் கால்களுக்குத் தங்கக் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். அந்தக் கம்பியின் தடிமன் 25 மைக்ரான் அளவு, தலைமயிரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். இன்று இயந்திரமே கட்டிவிடுகிறது. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஒரு பெண் நுண்ணோக்கியில் பார்த்து, கை நடுங்காமல், ஒவ்வொரு புள்ளியாக வைத்து அழுத்தினார். நாற்பது கால் உள்ள ஒரு சில்லுக்கு நாற்பது கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முனைக்கும் எண்பது கட்டு. ஒரு கட்டு தவறினாலும் சில்லு வீண். கடைசியில் கறுப்புப் பிசினால் மூடி, சோதித்து, முதுகில் ஊர்ப் பெயரை அச்சடிப்பார்கள்.

ஊர்ப் பெயர் இருக்கிறது, கட்டியவர் பெயர் இல்லை. பருத்திச் சேலையில் நெசவாளியின் பெயரும் இல்லைதான். ஆனால் சேலையைப் பற்றிப் பேசும்போது நெசவாளியைப் பற்றி நாம் பேசுகிறோம். கணினி வரலாற்றைப் பேசுகிறவர்கள் கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்வார்கள், விற்றவர் பெயரைச் சொல்வார்கள், அத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

வேறு இடங்களில் இந்தக் குறையை உணரத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நவஹோ பழங்குடியினர் நிலத்தில், ஷிப்ராக் என்ற ஊரில், ஃபேர்சைல்டு கம்பெனி 1965 முதல் 1975 வரை ஒரு தொழிற்சாலை நடத்தியது. நூற்றுக்கணக்கான நவஹோ பெண்கள் அங்கே சில்லு கட்டினார்கள். அந்தப் பெண்கள் நெய்யும் கம்பளமும் சில்லின் உள் அமைப்பும் ஒரே மாதிரி இருப்பதாகக் கம்பெனியே ஒரு விளம்பர ஏடு வெளியிட்டது. பின்னாளில் ஆய்வாளர்கள் அந்த ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு, புகழ்ச்சி இருக்கட்டும், சம்பளமும் வேலை நிலைமையும் எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் அய்வா ஒங் என்ற மானுடவியலாளர் சிலாங்கூரில் தொழிற்சாலைக்குப் போன மலாய்ப் பெண்களைப் பற்றி 1987இல் ஒரு நல்ல நூல் எழுதினார். தோட்டத்திலிருந்து போன தமிழ்ப் பெண்களின் கதையை அவர்கள் வாயாலேயே கேட்டு வைக்க வேண்டிய வேலை நம்முடையது.

அந்த அக்கா சொன்னதில் சிலவற்றை இங்கே சொல்கிறேன், அவர் அனுமதியோடு. முதல் நாள் குளிரூட்டிய அறைக்குள் போனபோது பல் கிட்டியதாம். தோட்டத்தில் அவர் வீட்டில் மின்விசிறிகூடக் கிடையாது, மின்சாரம் மாலை ஆறிலிருந்து பத்து வரைதான். கையில் பால் நாற்றம் இருக்கிறதோ என்று பயந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாராம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலையும் அப்பாவுக்கு ஒரு ரேடியோவும். "அப்பா ரேடியோவைத் திருப்பி வச்சு, பின்னால ஓட்டை வழியா பாப்பாரு தம்பி. இதுல நீ செஞ்சது எதும்மான்னு கேப்பாரு." பிறகு கண் மங்கியது, முப்பது வயதிலேயே கண்ணாடி போட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

இப்போது அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். பையன் எழுதிய கதை.

நெகிழ்வட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. பாதியில் பூஞ்சை. பூஞ்சை பிடித்த வட்டை அப்படியே இயக்கியில் போட்டால் வட்டும் போகும், படிக்கும் முனையும் போகும். உறையைப் பிரித்து, உள்ளேயிருக்கும் மெல்லிய தட்டை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நல்ல உறையில் மாற்றிப் போட்டுத்தான் படிக்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு தடவை, முழு வட்டையும் அப்படியே படியெடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை கிடைக்கும் என்று நம்பக் கூடாது. பதினொன்றில் எட்டைப் படித்தேன்.

படித்தும் கதை தெரியவில்லை. திரை முழுக்கக் கேள்விக்குறியும் கோணல் எழுத்தும். தமிழில் எழுதிய எல்லாருக்கும் அந்தக் காலத்தில் இது நடந்தது. ஒருங்குறித் தரத்தில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வரும் வரை அது சாதாரண வீட்டுக் கணினிக்கு வந்து சேரவில்லை. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை. அந்த வகையில் மலேசியத் தமிழருக்குப் பெருமைப்பட நிறையவே உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கி உருவாக்கிய முரசு மென்பொருள்தான் நம்மில் பலர் கணினியில் முதன்முதலில் தமிழைப் பார்த்த வழி. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டு, 1999இல் மறைந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னை மாநாடு கூடி விசைப்பலகைக்கும் குறிமுறைக்கும் தரம் பேசியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இன்னும் பின்னால் போனால், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்கு வந்து வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தார். கொம்பும் விசிறியும் போடும்போது உருளை நகராமல் நிற்கும் விசை அவருடைய சூட்சுமம். கணினி வந்த பிறகும் பலருடைய விரல் அந்தப் பழைய தட்டச்சு வரிசையைத்தான் தேடியது.

சிக்கல் என்னவென்றால், இந்த மென்பொருள்கள் ஓடிய இயந்திரம் ஒன்றாவது உயிரோடு இருந்தால்தான் அந்தக் கோப்பு அன்று திரையில் எப்படித் தெரிந்தது என்று நமக்குத் தெரியும். குறிமுறையை மாற்றித் தரும் செயலிகள் இன்று இருக்கின்றன, உண்மைதான். ஆனால் எந்தக் குறிமுறை என்று கண்டுபிடித்த பிறகுதானே மாற்றுவது? அந்தப் பையனின் வட்டில் குறிப்பு எதுவும் இல்லை. நான் அதே காலத்துக் கணினி ஒன்றைத் தயார் செய்து, அதில் பழைய எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, நான்காவதில் தமிழ் வந்தது. ஒரு நெகிழ்வட்டில் பதினான்கு லட்சம் எழுத்துக்குமேல் கொள்ளும். அந்தக் குறிமுறைகளில் ஓர் எழுத்துக்கு ஓர் இடம், இரண்டு இடம்தான் ஆகும். ஒரு பெரிய நாவலே அடங்கும். நம் கோயில் மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், கவியரங்கப் பாடல்கள் எத்தனை பிஸ்கட் டின்களில் பூஞ்சை பூத்துக்கொண்டிருக்கின்றன! 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றது. அச்சிட்ட தாளையாவது நூலகத்தில் தேடலாம். அச்சுக்கே போகாமல் வட்டிலேயே தங்கிவிட்டவற்றை எங்கே தேடுவது?

அருங்காட்சியகக்காரர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. பழைய இயந்திரத்தை ஓட வைப்பதா, ஓட்டாமல் அப்படியே வைப்பதா என்று. ஓட வைக்க வேண்டுமானால் பாகம் மாற்ற வேண்டும், மாற்றினால் அது பழைய இயந்திரமா? ஓட்டாமல் வைத்தால் அது வெறும் பெட்டி. நான் இதில் நடுவழிக்காரன். ஒரே மாதிரி இரண்டு கிடைத்தால் ஒன்றை ஓட்டு, ஒன்றைத் தொடாதே. ஒன்றுதான் என்றால், மாற்றும் ஒவ்வொன்றையும் படம் எடு, கழற்றியதைத் தேதியிட்டுப் பையில் போட்டு இயந்திரத்தோடேயே வை, நாளைக்கு வருகிறவர் நீ செய்ததைப் பழையபடி ஆக்கக்கூடிய மாதிரி செய். மஞ்சளித்த பெட்டியைப் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெள்ளையாக்கும் பழக்கம் 2008 வாக்கிலிருந்து பரவியிருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. பாட்டியின் பழைய படத்தில் முகத்துக்குப் பவுடர் பூசுவது மாதிரி இருக்கிறது.

பணக்காரர் ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் சியாட்டலில் அருமையான கணினி அருங்காட்சியகம் வைத்திருந்தார். பார்வையாளர்கள் உட்கார்ந்து இயக்கிப் பார்க்கலாம். 2018இல் அவர் காலமானார். 2020இல் கதவு மூடியது, 2024இல் பல பொருள்கள் ஏலத்துக்குப் போயின. கலிஃபோர்னியாவில் அந்த ஐ.பி.எம். இயந்திரங்களை எழுப்பியது வாரந்தோறும் கூடிய கிழவர்களின் கூட்டம். எங்களூரிலும் ஓய்வு பெற்ற தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள், தந்தி தபால் இலாகாவில் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற அக்காமார்கள் இருக்கிறார்கள். கோப்பித்தியாம் மேசையில் கூடுகிறவர்கள் வாரத்தில் ஒரு மாலை ஒரு பட்டறையில் கூடினால் போதும், காப்பி நான் வாங்கித் தருகிறேன்.

அந்தக் கதையைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். பையன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறானாம். அண்ணன் வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கணினியை என்ன செய்ய என்று கேட்டேன். "நீங்களே வச்சுக்குங்க, வீட்ல இடமில்ல" என்றார். அக்கா மட்டும் ஒன்று கேட்டார். செத்துப்போன ஐ.சி. ஏதாவது இருந்தால் அதை உடைத்து உள்ளே காட்ட முடியுமா என்று.

பழைய சில்லு ஒன்றின் கறுப்புப் பிசினை மெதுவாகத் தேய்த்தேன், அரை மணி நேரம் ஆனது. பாதிக் கம்பிகள் பிசினோடு போய்விட்டன. மீதியை என் நுண்ணோக்கியில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கை தானாகவே பக்கத்தில் இருந்த சாமணத்தைத் தேடி எடுத்துக்கொண்டது. வெகு நேரம் பார்த்தார்.

"மூணாவது கம்பி சரியா கட்டல. வேற யாரோ புதுப் பொண்ணு" என்றார்.

அந்தச் சில்லை ஒரு பையில் போட்டு, அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதியோடு உள்ளே வைத்திருக்கிறேன்.